எரித்த உடல் எழுந்திருக்குமா? சபை இல்லாமல் அதை விசுவாசிக்க முடியுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்தபோது, நீங்கள் நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருந்த நகரத்துச் சபையில் அடக்கத்துக்கு இடம் கேட்டிருக்கிறீர்கள். சொந்த ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வந்து சேரவில்லை, சந்தாவும் பாக்கி என்று கமிட்டியில் கைவிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மின்மயானத்தில் தகனம் செய்தீர்கள். மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்த பெரியப்பா எல்லார் முன்னாலும், “சரீரத்தையே எரித்துவிட்டீர்களே, கடைசி நாளில் அவள் எதில் எழுந்திருப்பாள்?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நீங்கள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. தகனமானவர்களுக்கு உயிர்த்தெழுதல் உண்டா என்பது முதல் கேள்வி. “உண்டென்றால் அதை வீட்டிலிருந்தே விசுவாசித்தால் போதாதா? உயிர்த்தெழுதலை நம்ப முடிகிறது, சபையைத்தான் நம்ப முடியவில்லை” என்பது இரண்டாவது. கடைசியில், வருகிற மாதம் பேப்பரில் கொடுக்கப்போகும் முதலாம் ஆண்டு நினைவு விளம்பரத்தில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடலாமா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆயராக இருந்தவன் நான். அதில் சில வருடங்கள் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தேன். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உயிர்த்தெழுதலில் உங்கள் அம்மாவுக்கு உள்ள பங்கை மின்மயானத்து நெருப்பு தொடவில்லை.

இந்தக் கேள்வி சபைக்குப் புதிதும் அல்ல. கி.பி. 177-இல், இன்று பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய பேராயர் பொத்தினு சிறையிலேயே இறந்தார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண் நாள்கணக்கில் வதைக்கப்பட்டு இறந்தார். கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் திறந்தவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள்: இவர்களுக்கு உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையே இல்லாமல் போகட்டும், இனி எழுந்திருக்கிறார்களா பார்ப்போம். தப்பியவர்கள் ஆசியாவிலிருந்த சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. சபை வரலாறு எழுதிய யூசேபியு அந்தக் கடிதத்தைத் தன் நூலில் சேர்த்துவைத்ததால் நமக்குக் கிடைத்தது. அடக்கம் செய்ய முடியவில்லையே என்று அந்தச் சபை மிகவும் துக்கப்பட்டது. ஆனால் செத்தவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. உங்கள் பெரியப்பா துக்கத்தில் கேட்டிருக்கிறார், அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் அறியாமல் அவர் எடுத்து வைத்தது கொன்றவர்களின் வாதம்.

410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது எத்தனையோ உடல்கள் புதைக்க ஆளில்லாமல் கிடந்தன. அதையொட்டி வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன் எழுதினார்: அடக்கம் கிடைக்காததால் விசுவாசிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அடக்கச் சடங்கு இறந்தவருக்கு உதவி என்பதைவிட உயிரோடிருப்பவருக்கு ஆறுதல், ஆனாலும் உடலை அலட்சியமாகத் தூக்கி எறியக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். நம் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது’ என்று ஒரு வரி வருகிறது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் முன்னால் அதை வாசித்திருக்கிறேன். அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் நாம் ஏன் புதைக்கிறோம்? யூதரிடமிருந்து வந்த பழக்கம் அது. இயேசுவும் அடக்கம்பண்ணப்பட்டார். உடல் தேவன் படைத்த நல்ல பொருள் என்ற மரியாதையும் சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் தகனத்தைத் தடை செய்தது. அன்று ஐரோப்பாவில் தகனத்தைத் தூக்கிப்பிடித்த சிலர், உயிர்த்தெழுதலை மறுக்கும் அடையாளமாகவே அதைச் செய்தார்கள். 1963-இல் அந்தத் தடை நீங்கியது. விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லையென்றால் தகனம் செய்யலாம். 2016-இல் வெளியான அறிவுரை, அஸ்தியைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனிதமான இடத்தில் வைக்க வேண்டும், தூவக்கூடாது என்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக இன்றும் தகனத்தை ஏற்பதில்லை. ஆனால் எரிந்தவர் எழுந்திருக்கமாட்டார் என்று அவர்களும் போதிப்பதில்லை. புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலானவை தடுப்பதில்லை, நம் ஊர்களில் வழக்கம்தான் சட்டம் மாதிரி நிற்கிறது. ஆங்கிலிகன் வழியில் வந்த அடக்க ஆராதனையில் மண்ணை மண்ணுக்கும், சாம்பலைச் சாம்பலுக்கும், தூளைத் தூளுக்கும் ஒப்புவிக்கிறோம் என்று சொல்லித்தானே மண் போடுகிறோம்? சாம்பல் அதிலேயே இருக்கிறது. இடம் இல்லாத நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் பழைய குழியையே திறந்து அப்பாவுக்கு மேலே மகனை வைக்கிறார்கள். அப்படித் திறக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முன் வைத்தவரிடமிருந்து சில எலும்புகளும், துருப்பிடித்த பெட்டி ஆணிகளும் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். மண் மெதுவாகச் செய்வதை நெருப்பு ஓரிரு மணி நேரத்தில் செய்துவிடுகிறது.

ஒரு கிராமத்துச் சேகரத்தில் ஆயராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே வேலை பார்த்த ஒருவர் அங்கேயே இறந்து, அங்கேயே தகனமாகிவிட்டார். மனைவி அஸ்தியை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, இரண்டு ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் அஸ்தியை வைக்கலாமா என்று ஊரில் பேச்சு கிளம்பியது. வைக்கலாம் என்றேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கடப்பாரையோடு போய், இறந்தவருடைய அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி எடுத்தார். நான் அங்கி போட்டுக்கொண்டு அடக்க ஆராதனையை ஒரு வரி விடாமல் வாசித்தேன். மண் போடும் இடம் வந்ததும் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் இறந்தவரின் சித்தி, எண்பது வயது இருக்கும், முன்னால் வந்தார். குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்தே விட்டார். செம்மண்ணை அள்ளி, கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்ததை உள்ளங்கையில் நொறுக்கித் தூளாக்கிப் போட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, “வலிக்கும்லா ஐயா” என்றார். அதற்குப் பிறகு ஊரே வரிசையில் வந்து மண் போட்டது. அந்த அம்மாவுக்கு அந்தக் குழியில் இருந்தது தன் அக்கா மகன். சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசிப்பவர்கள் இறந்தவரை எப்படி நடத்துவார்கள் என்று என் மாணவர்கள் கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

ஏன் என்றால், நம் பிரசங்கங்களே இந்த இடத்தில் ஆட்களைக் குழப்பிவிடுகின்றன. துக்க வீட்டில் ‘ஆத்துமா பரலோகம் போய்விட்டது, இது வெறும் கூடு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். முட்டை ஓட்டைத் தனியே விட்டுவிட்டுப் பறவை பறந்துபோவது போன்றது உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்று வள்ளுவர் சொன்னது நம் காதில் ஊறிய உவமை. அழகானதுதான். ஆனால் புதிய ஏற்பாடு சொல்வது அதுவல்ல. மூலமொழியான கிரேக்கத்தில் அனஸ்தாசிஸ் என்றால் எழுந்து நிற்பது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு உயிர்த்தெழுதல் என்று போட்டது மிகவும் சரி. உயிர்ப்பதோடு விட்டுவிடாமல் எழுதலையும் சேர்த்திருக்கிறார்கள். விழுந்தது எதுவோ அதுதானே எழ வேண்டும்? கி.பி. 54, 55 வாக்கில் அப்போஸ்தலன் பவுல் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்துச் சபைக்குக் கடிதம் எழுதியபோது, அந்தச் சபையிலேயே சிலர் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரேக்கச் சிந்தனையில் வளர்ந்தவர்களுக்கு ஆத்துமா அழியாது என்று சொன்னால் பிரச்சினை இல்லை. பிணம் எழும் என்பதுதான் சகிக்கவில்லை. பவுல் அவர்களுக்கு இறங்கிக் கொடுக்கவில்லை. ‘கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா’ என்று எழுதிவிட்டு, விதையைக் காட்டுகிறார். ‘ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்.’ ஆவிக்குரிய சரீரம் என்றதும் காற்றாலோ புகையாலோ ஆன ஒன்றை நினைக்கிறோம். அந்தக் கிரேக்கச் சொல் பரிசுத்த ஆவியால் உயிர்பெற்று இயங்கும் சரீரத்தைக் குறிக்கிறது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். விதையும் மரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனாலும் புளியங்கொட்டையிலிருந்து புளியமரம்தான் வரும். விதை மண்ணுக்குள் உருத்தெரியாமல் போவதைப் பவுல் ஒரு தடையாகவே எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதவை உண்டு. இந்த நிமிஷம் அம்மா எங்கே இருக்கிறார்? சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று இயேசு சொன்னதை வைத்து, உடனே அவரோடு என்பார்கள் பலர். நித்திரை என்ற சொல்லை வைத்து, எழுப்பப்படும் வரை ஓய்வு என்பார்கள் சிலர். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் சில இடங்களில் அந்தப் பக்கம் சாய்ந்து எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர், பரலோகத்துக்கு முன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன். அம்மா எந்த வயதில் எழுந்திருப்பார், கடைசி மாதங்களில் இருந்த நோவின் அடையாளம் இருக்குமா என்றெல்லாம் மனம் கேட்கும். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது, சீஷர்களோடு மீன் சாப்பிட்டார், பூட்டின அறைக்குள் வந்தார், எம்மாவூர் வழியில் கூடவே நடந்தும் அடையாளம் தெரியவில்லை. வேதம் காட்டுவது அவ்வளவுதான். அதற்கு மேல் விவரமாகச் சொல்பவர்கள் தங்கள் கற்பனையைச் சொல்கிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்ததையே வரலாற்று ஆய்வால் நிரூபிக்க முடியுமா என்றும் யாராவது உங்களைக் கேட்கலாம். அவர் சிலுவையில் இறந்தார் என்பதையும், சீஷர்கள் அவரை உயிரோடு கண்டதாக மிகச் சீக்கிரமே அறிவித்தார்கள் என்பதையும் வரலாறு தாங்கும். அவர்கள் கண்டது மெய் என்பதற்கு விசுவாசம் வேண்டும். அந்த எல்லையை நான் மறைப்பதில்லை.

இங்கிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. ‘நான் அடைந்ததும் உங்களுக்கு முக்கியமாக ஒப்புவித்ததும் என்னவென்றால்’ என்று சொல்லித்தான் பவுல் உயிர்த்தெழுதல் செய்தியை ஆரம்பிக்கிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், காணப்பட்டார் என்ற அந்த வரிகள் பவுல் கடிதம் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே சபையில் வழங்கிவந்தவை. யாரோ அவருக்குச் சொன்னார்கள், அவர் கொரிந்தியருக்குச் சொன்னார். உங்களுக்கும் அம்மா மடியிலோ ஞாயிறு பள்ளியிலோ யாரோ சொல்லித்தான் வந்திருக்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கண்டுபிடித்து வீட்டில் வைத்துக்கொள்ளும்படி இது வரவில்லை.

சரி, அப்படிச் சொல்லித் தந்த சபையே இப்படி நடந்தால்? கொரிந்து சபை நல்ல சபை என்று நினைத்துவிடாதீர்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி. சகோதரன்மேல் சகோதரன் கோர்ட்டில் வழக்கு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, கர்த்தருடைய பந்தியில் நடந்தது. வசதியுள்ளவர்கள் முதலில் வந்து தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று எழுதுகிறார் பவுல். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அது 11-ஆம் அதிகாரம். 15-ஆம் அதிகாரத்தில் அதே ஆட்களுக்குத்தான் உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பது என் வாசிப்பு; எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கொள்ளும் முடிவு அல்ல. பக்கத்தில் பசியோடு உட்கார்ந்திருப்பவனின் வயிற்றை ஒரு பொருட்டாக எண்ணாதவர்களுக்கு, அவனுடைய சரீரத்தைத் தேவன் எழுப்புவார் என்பது எப்படி நம்பக்கூடியதாக இருக்கும்? இன்னொன்றும் பாருங்கள். மரணமே உன் கூர் எங்கே என்று முழங்கி 15-ஆம் அதிகாரம் முடிந்ததும், 16-இன் முதல் வசனம் தர்மப்பணத்தைப் பற்றியது. எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்கு வாரத்தின் முதல்நாள்தோறும் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்கிறார். நாம் அதிகாரத்துக்கு அதிகாரம் நிறுத்தி வாசிப்பதால் இது கண்ணில் படுவதில்லை. அவர் எழுதிய கடிதத்தில் அதிகாரப் பிரிவு இல்லை. மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது என்று சொன்ன வாய் நிற்காமல் உண்டியலுக்குப் போகிறது.

நம் சபைகளில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசிப் பகுதியை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ‘பரிசுத்தமாயிருக்கிற பொதுவான திருச்சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்.’ ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘விசுவாசிக்கிறேன்’, அதுவும் கடைசியில். சபையை உருவிவிட்டு உயிர்த்தெழுதலை மட்டும் வைத்துக்கொள்ள அந்த வாக்கியம் இடம் கொடுப்பதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எது நிற்கிறது என்பதையும் பாருங்கள். பாவமன்னிப்பு. உங்களை நோகடித்தவர்களை நாளைக்கே மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஞாயிற்றுக்குஞாயிறு அந்த வரியை வாயால் சொல்லிக்கொண்டே அதைச் செய்ய முடியாமல் தவிப்பவர்களும் சேர்ந்துதான் சபை.

கமிட்டி செய்ததைப் பற்றி எனக்கு உங்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். நகரத்தில் குழிக்கு இடம் இல்லை, யாருக்குக் கொடுப்பது யாருக்கு மறுப்பது என்பதற்கு ஒரு விதி வேண்டியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தா பாக்கியைச் சொல்லி அடக்கத்தை மறுப்பது தவறு. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் தங்கள் சபைப் பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்: மாதம் ஒரு நாள் அவரவர் விருப்பப்படி போடுகிறோம், முடிந்தால் போடுகிறோம், யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை, அந்தப் பணம் ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களை அடக்கம் செய்யவும் போகிறது. கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் யூலியன்கூட, 362-இல் தன் பூசாரிகளுக்குத் தலைவரான ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் பரவியதற்கு அந்நியரை உபசரிப்பதையும் இறந்தவர்களின் அடக்கத்தில் காட்டும் அக்கறையையும் காரணமாகச் சொல்கிறார். எதிரியின் கண்ணுக்கே தெரிந்த அடையாளம் அது. நான் பொறுப்பில் இருந்த ஒரு சபையிலும் பாக்கி விவகாரம் முடியட்டும் என்று ஒரு முதியவரின் அடக்கத்தைச் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டோம். நானும் தலையாட்டினேன். அவருடைய மகன் வெயிலில் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண் முன்னால் இருக்கிறது. பிறகு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் காப்பி கொடுத்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பந்தியில் பிரிப்பதும் கல்லறையில் பிரிப்பதும் நம்மிடம் புதிதல்ல. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் அறவே விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். இன்றும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்றிருக்கிறது. ஒரே எக்காளம் தொனிக்கும்போது எழுந்திருப்போம் என்று விசுவாசிப்பவர்கள், எழுந்ததும் யார் முகத்தில் விழிப்போம் என்று யோசிக்க வேண்டாமா? லியோனில் பிளாந்தினாவோடு அவரை அடிமையாக வைத்திருந்த எஜமானியும் விசுவாசத்தை அறிக்கையிட்டு நின்றார் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. தன் அடிமைப்பெண் பலவீனத்தில் மறுதலித்துவிடுவாளோ என்று அந்த எஜமானி பயந்தாராம். கடைசியில் மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தது அந்த அடிமைப்பெண்தான்.

இப்போது நேராக: வீட்டிலிருந்தே விசுவாசித்தால் போதாதா? படுக்கையில் கிடப்பவர்கள், சபையே இல்லாத ஊரில் இருப்பவர்கள், சபையில் கொடுமைக்கு ஆளாகி உயிருக்கோ மானத்துக்கோ பயந்து விலகினவர்கள், இவர்களைத் தேவன் கைவிடுகிறார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கொடுமை நடக்கிற இடத்தில் பொறுத்துக்கொண்டு இரு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் நிலை அதுவா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நடக்க முடிந்தும் நாள்பட வீட்டிலேயே தனியாக இந்த விசுவாசத்தை வைத்துக்கொண்டால், மெல்ல மெல்ல அது அம்மாவின் நினைவாக மட்டும் சுருங்கிப்போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்ற எபிரெயர் வசனத்தைச் சாட்டை மாதிரி உங்கள்மேல் வீசியிருப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ‘ஒருவரையொருவர் கவனித்து’ என்று இருக்கிறது. கவனிப்பு முதலில், கூடிவருவது அதற்காக. தெசலோனிக்கேயருக்கு இறந்தவர்களின் உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதிய பவுல், ‘இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று முடிக்கிறார். உங்களையே தேற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதவில்லை. அது முடியாத காரியம் என்று இந்த ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தோமாவை நினைத்துப் பாருங்கள், நம் பரங்கிமலையோடு பெயர் சேர்ந்த அதே தோமா. உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் அவர் அந்த அறையில் இல்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பவில்லை, காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றார். எட்டு நாள் கழித்து, ‘தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்’ என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் எப்படிப் போயிருக்கும்? பத்துப் பேர் சந்தோஷத்தில், ஒருவர் மட்டும் கசப்பில். அவர்கள் அவரைத் தள்ளிவிடவில்லை, அவரும் எழுந்து போய்விடவில்லை. அந்தப் பத்துப் பேரும் யோக்கியர்கள் அல்ல. மறுதலித்த பேதுருவும் அங்கேதான் இருந்தார், ஓடிப்போனவர்களும் அங்கேதான். தோமா காயங்களைக் கண்டது அந்த அறைக்குள், அவர்கள் நடுவில்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இடம் மறுத்த நகரத்துச் சபையின் ஆயரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், கமிட்டியை அல்ல. நடந்ததைச் சொல்லுங்கள். அவர் கேட்கத் தயாரில்லை என்றால், கவலையில்லாமல் வேறு சபைக்குப் போகலாம். ஒரு கட்டடத்தை விட்டு விலகுவது சபையை விட்டு விலகுவது ஆகாது. சின்னச் சபையாகப் பாருங்கள். நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் யாராவது தேடுவார்களா என்பதைக் கொண்டு தேர்ந்தெடுங்கள், பாடல்குழுவையோ ஒலிபெருக்கியையோ கொண்டு அல்ல. கொஞ்ச நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் திரும்பி வந்தாலும் சரிதான். அம்மாவின் அஸ்தி இன்னும் உங்களிடம் இருந்தால், சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் குடும்பத்தார் பக்கத்தில் வைக்க அந்த ஊர் ஆயரிடம் கேளுங்கள். முழு ஆராதனையோடு செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே கரைத்துவிட்டீர்கள் என்றால் அம்மாவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும் ஊராக இருந்தால், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், மற்றவர்கள் நடுவில் அம்மாவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். அந்தக் கேள்வியை அவரும் இந்த ஒரு வருடமாகச் சுமந்துகொண்டுதான் இருப்பார்.

விளம்பரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாவு உறங்குவது போல, பிறப்பு உறங்கி விழிப்பது போல என்றார் வள்ளுவர். நாம் நித்திரை என்று எழுதும்போது, உறங்கின அதே ஆள் அதே பெயரோடு விழிப்பார் என்று சொல்கிறோம். கிரேக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயருக்கும் உறங்குமிடம் என்றுதான் அர்த்தம். மண்ணில் வைத்தவர்களுக்கு மட்டும் என்று அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றே போடுங்கள். கீழே அம்மாவின் முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பெயர் தனியாக இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.